தாலி போதாதாம், சம்பளச் சீட்டு வேண்டுமாம்!

"அண்ணே, அவுக சிங்கப்பூருல இருக்காக. நானும் அங்க போயி அவுககூட இருக்கணும்னா என்னென்ன காயிதம் வேணும்?"

ஆலங்குடி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில் நம்மிடம் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. கையிலே ஒரு பை. பையிலே திருமணப் பதிவுச் சான்று, ஆதார் அட்டை, புத்தம்புதிய கடவுச்சீட்டு, குழந்தையின் பிறப்புச் சான்று, மணமேடையில் எடுத்த படங்கள் இரண்டு. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தோம். பெயரில் பிழையில்லை, தேதியில் பிழையில்லை, முத்திரையில் பிழையில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி. மாப்பிள்ளைக்கு என்ன பாஸ்?" என்று கேட்டோம்.

"பெர்மிட்டுண்ணே. கட்டட வேல."

தாள்களை மடித்து, பையில் வைத்து, அந்தத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்தோம். என்ன சொல்வது? காகிதத்தில் குறையில்லை, கல்யாணத்தில் குறையில்லை, கணவனின் அன்பில் குறையில்லை. குறை எல்லாம் அவன் வாங்கும் கூலியில் இருக்கிறது என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தத் தங்கைக்கு மட்டுமல்ல, அறந்தாங்கியிலும் கறம்பக்குடியிலும், கீரமங்கலத்திலும் மணமேல்குடியிலும், கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் கடல் கடந்து போன கணவனுக்காகக் கைப்பேசியை மடியில் வைத்துக் காத்திருக்கும் ஆயிரமாயிரம் தங்கைகளுக்கும் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

மன்னனுக்கே மறுத்தவர்கள்

நம் புதுக்கோட்டைக்கு இந்த வழக்கு புதிதன்று, தோழர்களே! நூறாண்டுக்கு முன்பு இந்த ஊர் மன்னரே இந்த வழக்கில் தோற்றார்.

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அதிபதி. 1915 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். இருவரும் மனமொத்து, சட்டப்படி பதிவு செய்துகொண்ட திருமணம். ஊருக்கு அழைத்தும் வந்தார். என்ன நடந்தது? வெள்ளைத் துரைத்தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரசனின் மனைவியை அரசி என ஏற்க மறுத்தது. சில திங்கள்களிலேயே, 1916-ல், இருவரும் புதுக்கோட்டையை விட்டு வெளியேறினர். அந்த ஆண்டு சிட்னியில் பிறந்த மகனுக்கு அரியணை உரிமை கிடையாது என்றாயிற்று. மன்னர் அன்னிய மண்ணிலேயே வாழ்ந்து, 1928-ல் பாரிசில் மறைந்தார்.

மன்னராட்சிக்கு மாலை சூட்ட நாம் இதை எழுதவில்லை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அந்த அத்தியாயம் முடிந்தது, முடிந்தது நல்லதே. நாம் சுட்டிக்காட்டுவது ஒன்றைத்தான். செல்வமிருந்தது, சிம்மாசனமிருந்தது, பீரங்கி மரியாதை இருந்தது. இருந்தும் "இவள் என் மனைவி" என்று அவர் சொன்ன சொல் அதிகாரத்தின் வாசலில் செல்லவில்லை! அன்றைக்குத் தடை, தோலின் நிறம். இன்றைக்குத் தடை, சம்பளத்தின் கனம். மாறியது தடையின் பெயர், மாறாதது வாசற்காவலன்.

வெள்ளி ஆறாயிரம் என்னும் வேலி

இன்றைய நிலையைக் கணக்கோடு பார்ப்போம். மேடையில் முழங்குவது எளிது. கணக்குக் காட்டினால்தான் எதிரியும் வாய் மூடுவான்.

சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் அன்னியருக்குப் படி வாரியாக அனுமதிச் சீட்டு. உச்சியில் எம்ப்ளாய்மென்ட் பாஸ். நடுவில் எஸ் பாஸ். அடியில் ஒர்க் பெர்மிட். கட்டடத்தில் கம்பி கட்டுபவன், கப்பல் பட்டறையில் பற்றவைப்பவன், தெருவைத் தூய்மை செய்பவன் பெரும்பாலும் இந்தப் பெர்மிட்காரன்தான். நம் மாவட்டத்திலிருந்து திருச்சி விமான நிலையம் வழியாகப் புறப்படும் இளைஞர்களில் பலர் இந்த அட்டையை நம்பிப் போகிறவர்களே.

மனைவியை அழைத்து உடன் வாழ வைத்துக்கொள்ள டிபெண்டண்ட் பாஸ் என்று ஒன்று உண்டு. யாருக்கு? மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத நிலைச் சம்பளம் வாங்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ்காரருக்கு. 2015-ல் 5,000 வெள்ளியாக இருந்த வரம்பு, 2018 ஜனவரி முதல் 6,000 ஆயிற்று. எஸ் பாஸ் கிடைப்பதற்கு வேண்டிய குறைந்த சம்பளமோ, 2025 செப்டம்பர் முதல் புதிய மனுக்களுக்கு 3,300 வெள்ளி. ஆக, 3,300 வெள்ளி வாங்கினால் நீ திறமைசாலி, வேலை செய்யலாம். ஆனால் கணவனாக வாழ இன்னும் 2,700 வெள்ளி குறைகிறது! பெர்மிட்காரனுக்கோ அந்தக் கணக்கே கிடையாது. அவன் எவ்வளவு ஆண்டு உழைத்தாலும் மனைவியை உடன் வைத்துக்கொள்ள அந்த அட்டையில் இடமே இல்லை. அவள் சுற்றுலாப் பயணியாக வரலாம், ஊரைப் பார்க்கலாம், திரும்பலாம். புருஷன் பூசிய சுவரைப் பார்க்கலாம். அந்தச் சுவருக்குள் அவனோடு குடியிருக்க முடியாது.

இன்னொன்று கேளுங்கள். டிபெண்டண்ட் பாஸுக்கு மனு போட வேண்டியவர் யார் தெரியுமா? கணவனில்லை, அவனுக்கு வேலை கொடுத்த முதலாளி அல்லது முதலாளி அமர்த்திய முகவர்! கல்யாணம் இவனுடையது, மனைவி இவனுடையவள், மனு மட்டும் முதலாளியுடையது. வேலை போனால் அவள் இருப்பும் போகும். முன்பெல்லாம் அந்தப் பாஸில் வந்த மனைவி ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போக முடிந்தது. 2021 மே முதல் அவளும் தனியாக வேலை அனுமதி வாங்கவேண்டும் என்று அந்த வழியையும் குறுக்கினார்கள்.

பெர்மிட்டில் இருப்பவரோ, முன்பு இருந்தவரோ, சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் அந்நாட்டு மனிதவள அமைச்சின் முன்அனுமதி வேண்டும். அங்கே மணந்தாலும் வேண்டும், இங்கே வந்து மணந்தாலும் வேண்டும். மீறினால் பெர்மிட் ரத்து, மீண்டும் நுழையத் தடை. வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரி, அப்படி அனுமதி பெற்று மணந்தவளாக இல்லாவிட்டால், அங்கே கருவுறுவதே விதிமீறல். இரும்பு தூக்கக் கை வேண்டும், துணி துவைக்கக் கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பது மட்டும் வேண்டாம்!

வளைகுடாவைப் பார்ப்போம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் விதி இது: மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் குடியிருப்பும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். முன்பு எந்தத் தொழில் என்றும் பார்த்தார்கள். இப்போது வருமானம் ஒன்றையே பார்க்கிறார்கள். இது ஒரு படி முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தொழிலாளர் முகாமில் அடுக்குக் கட்டிலில் படுப்பவனுக்கு அந்தப் படியும் எட்டாது. சவூதி அரேபியாவோ 2017 ஜூலையில் உடனிருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று கட்டணம் வைத்தது. ஆண்டுக்கு நூறாக ஏற்றி 2020-ல் அதை 400 ரியாலாக்கியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். சேர்ந்து வாழ வாடகை!

சீமையின் நீதி

"அதெல்லாம் கீழைநாட்டு வழக்கம், சீமையிலே நீதி உண்டு" என்பார்கள் ஆங்கிலம் படித்த அன்பர்கள். பார்ப்போமா சீமையின் நீதியை?

பிரிட்டனில் குடியுரிமையோ நிலையான குடியிருப்போ உள்ளவர், இந்தியாவிலிருக்கும் தம் துணையை அழைக்க 2012 ஜூலை முதல் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு காட்டவேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அதை ஒரே தாவலில் 29,000 பவுண்டு ஆக்கினார்கள். வருமானம் காட்ட இயலாதவர், கையிருப்புச் சேமிப்பாக 88,500 பவுண்டு காட்டலாமாம். கஞ்சிக்கு வழியில்லாவிட்டால் கற்கண்டுப் பொங்கல் சாப்பிடு என்பது போல!

அத்தோடு முடிந்ததா? மனுக் கட்டணம், 2025 ஏப்ரலில் வைத்தபடி, 1,938 பவுண்டு. மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முதல் விசாவுக்கு 3,105 பவுண்டு முன்பணம். காசநோய் இல்லை என்ற சான்று. தங்குவதற்குப் போதிய வீடு உண்டென்ற ஆதாரம். 2010 நவம்பர் முதல் ஆங்கிலத் தேர்வு. மொழி கற்பதை நாம் எதிர்ப்பவரல்லோம்; போகிற ஊரின் பேச்சைக் கற்பது நல்லது. ஆனால் கணவன் வீட்டிலிருந்து கற்கவேண்டியதை, கணவன் வீட்டுக்குப் போகுமுன்னே கற்றுத் தேறிக் காட்டு என்பது என்ன முறை? 1901-ல் ஆஸ்திரேலியா, வேண்டாதவரைத் தடுக்க, ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் எழுதச் சொல்லித் தேர்வு வைத்ததே, அதன் பேத்தியல்லவா இது!

இன்னும் ஒரு நிபந்தனை: உறவு உண்மையானது, தொடர்வது என்று மெய்ப்பிக்க வேண்டும். படம் காட்டு, பேசிய பதிவு காட்டு, பணம் அனுப்பிய சீட்டுக் காட்டு. மனுவைப் பார்க்கும் அதிகாரிக்கு நம்பிக்கை வரும் அளவுக்குக் காதலித்திருக்க வேண்டும்!

முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்களையும் ஆண்களையும் அழைத்தது அந்தப் பிரிட்டன். 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் பராமரிப்புத் தொழிலாளர் துணையையோ பிள்ளையையோ அழைத்து வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். எங்கள் தாயைத் தூக்கி உட்கார வை. உன் குழந்தையை ஊரிலே போட்டுவிட்டு வா! 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கதவையே அடைத்தார்கள்.

இந்தப் பரீட்சைகளின் முந்தைய பக்கத்தைப் புரட்டினால் உள்ளம் கொதிக்கும். 1979 ஜனவரியில், மணமகனை நாடி இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் கன்னிதானா என்று மருத்துவரைக் கொண்டு சோதித்தார்கள். செய்தி ஏடுகளில் வெளியாகி உலகம் காறித் துப்பியது, வழக்கம் நிறுத்தப்பட்டது. ஏதோ ஓர் அதிகாரியின் தவறு என்று மழுப்பினார்கள். பின்னாளில், 2011-ல், ஆய்வாளர் இருவர் அரசாங்கக் கோப்புகளைத் தோண்டியபோது, இப்படிச் சோதிக்கப்பட்ட பெண்கள் 80-க்கும் மேற்பட்டவர் என்பது வெளிவந்தது.

1985-ல் இன்னொரு வேடிக்கை. பிரிட்டனில் குடியிருந்த பெண்கள் மூவர், "ஆண் தன் மனைவியை எளிதாக அழைக்கலாம், பெண் தன் கணவனை அழைக்க முடியாதா?" என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் பெண்கள் பக்கம் நின்றது. இது பாலின பேதம் என்றது. பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது? பெண்ணுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆணுக்கும் கதவை நெருக்கிச் சாத்தி, "இதோ சமத்துவம்" என்றது! சமத்துவம் என்ற சொல்லை ஆதிக்கக்காரர் கையில் கொடுத்தால் அது என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறை சென்ற தமிழ்ப் பெண்

நம் முன்னோர் இதைப் பொறுத்துக்கொண்டார்களா? இல்லை!

1913 மார்ச். தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவனிடம் சேர வந்த ஓர் இந்தியப் பெண்ணின் வழக்கு அது. பலதாரத்துக்கு இடம் தரும் சமய முறைப்படி நடந்து, அந்நாட்டில் பதிவாகாத திருமணம் திருமணமே ஆகாது என்பது அதன் சாரம். ஒரு பேனா முனையில் அங்கிருந்த ஆயிரக்கணக்கான இந்திய மனைவிமார் மனைவியர் அல்லாதாராயினர். குழந்தைகளின் உரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. தமிழ்ப் பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வீதிக்கு வந்தனர். சிறை புகுந்தனர். அவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயது. சிறையில் பற்றிய நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் துறந்தாள். அவளுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. பிறர் மாங்கல்யத்தின் மானத்துக்காக மாண்டவள் அவள்! அந்த ஆண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தியாக நடந்த திருமணங்கள் ஏற்கப்பட்டன.

இலங்கையில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். நம் மாவட்டத்தாரும் தோட்டங்களுக்குப் போன தீவு அது. 1949-ல் அங்கே இந்தியர்க்கென இயற்றிய குடியுரிமைச் சட்டம், மனு செய்பவன் மணமானவனானால் அவன் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. பிள்ளைப்பேற்றுக்கும் பெற்றோரைப் பார்க்கவும் தாயகம் வந்து தங்கியவளின் கணவன் கதி என்ன? மனு தள்ளுபடி! அங்கே மனைவி பிரிந்திருந்தது குற்றம். இங்கே மனைவி சேர்ந்திருக்க விரும்புவது குற்றம். ஏழையின் இல்லறம் எப்படி இருந்தாலும் குற்றமாகவே எழுதத் தெரிந்திருக்கிறது சட்டம் எழுதுவோருக்கு.

"அவர்கள் நாடு, அவர்கள் விருப்பம்"

நம் தோழர் ஒருவர் கேட்டார்: "அவரவர் நாட்டுக்குள் யார் வரவேண்டும் என்று விதிக்க அவரவர்க்கு உரிமை இல்லையா? சிறிய தீவு, இடநெருக்கடி; எல்லோரும் குடும்பத்தோடு வந்தால் தாங்குமா?"

நியாயமான கேள்வி. உரிமை உண்டு, மறுக்கவில்லை. போலித் திருமணம் செய்து ஏமாற்றுபவரும் உண்டு, சோதிக்கட்டும். வருபவர் பட்டினி கிடக்கக்கூடாது என்று வருமானம் கேட்பதிலும் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். ஆளை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது; ஆண்டுக்குச் சில திங்களாவது மனைவி வந்து தங்க இடம் இல்லையா? சம்பளத்தை நிர்ணயிப்பதும் நீங்கள், அது போதாது என்பதும் நீங்கள் என்றால், தொழிலாளி எந்த நாளில் தேறுவான்?

1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 16-வது பிரிவு, குடும்பமே சமுதாயத்தின் அடிப்படை அலகு, அதைச் சமுதாயமும் அரசும் காக்கவேண்டும் என்கிறது. 1990-ல் அதே சபை, புலம்பெயர் தொழிலாளர் உரிமை ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. 2003-ல் அது நடப்புக்கு வந்தது. முறையாக வேலை செய்யும் தொழிலாளி தன் துணையோடும் பிள்ளைகளோடும் சேர வழிசெய்யுங்கள் என்கிறது அது. ஆளை அழைக்கும் செல்வ நாடுகள் அதில் ஒப்பமிடவில்லை; வியப்பில்லை. ஆளை அனுப்பும் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்யவில்லையே, அதுதான் வேதனை! தன் வீட்டுப் பிள்ளைக்காகத் தானே பேசாத தகப்பன், ஊர்ப் பஞ்சாயத்தில் யாரிடம் நியாயம் கேட்பான்?

2005-ல் இந்தியாவும் சிங்கப்பூரும் முழுமைப் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தன. ஆள் போக்குவரத்துக்கென அதில் ஓர் அத்தியாயமே உண்டு. வணிகர்க்கு இடம், கம்பெனி மாற்றும் அதிகாரிக்கு இடம், 127 வகைத் தொழில்முறைப் படிப்பாளிக்கு இடம். கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவனுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. புதுதில்லியில் பேச்சு நடத்தியவர்கள் கோட்டு அணிந்தவனின் குடும்பத்தை நினைத்தார்கள். சட்டி சுமந்தவனை மறந்தார்கள்.

நம் வீட்டையும் பெருக்குவோம்

பிறர் முகத்துக் கரியைக் காட்டுபவர், தம் முகத்தையும் கண்ணாடியில் பார்க்கவேண்டும். அதுதான் பகுத்தறிவு.

"சிங்கப்பூர் மாப்பிள்ளை" என்றால் நம்மூரில் விலை ஏறுகிறதே, யார் குற்றம்? பெண்ணைப் பெற்றவர் எத்தனை பவுன் என்று பேசுகிறார். என்ன பாஸ் என்று கேட்கிறாரா? சம்பளம் எவ்வளவு, மனைவியை அழைக்க அந்த அட்டையில் வழி உண்டா, வேலை ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று கேட்கிறாரா? ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்றால், இருபது ஆண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பது இருபதே மாதம். இதைத் தெரிந்து சம்மதிப்பது வேறு; மறைத்துக் கட்டிவைப்பது வேறு. மணந்து, நகையை வாங்கி, விமானம் ஏறி, முகவரியே இல்லாமல் போகிற உத்தமர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க, வெளிநாடுவாழ் இந்தியர் திருமணத்தை 30 நாளில் பதிவு செய்யவேண்டும் என்ற மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 2024-ல், சட்ட ஆணையம் மீண்டும் அறிக்கை எழுதி, விரிவான சட்டம் வேண்டும் என்றது. அறிக்கை மேல் அறிக்கை. அழுகிற பெண்ணுக்கு ஆறுதல் அறிக்கையில் இருக்கிறதா?

அடுத்து, காகிதம். நம் தோழர்கள் இதில் அலட்சியம் காட்டக்கூடாது. புரோகிதரில்லாமல், தாய்மொழியில் உறுதி சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணம், 1950-களில் உயர்நீதிமன்றத்தால் செல்லாது என்று சொல்லப்பட்டது. 1967-ல் அறிஞர் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், இந்தத் திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்று உறுதிப்படுத்தியது. ஆக, மணமுறைக்காக எந்த நாட்டுத் தூதரகத்தின் முன்னும் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் தந்த உரிமையைச் சான்றாக மாற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எந்த மதத்துத் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். மணமேடையிலிருந்து இறங்கிய கையோடு பதிவாளர் அலுவலகப் படி ஏறுங்கள். பதிவில்லாத திருமணத்தை ஊர் நம்பும். விமான நிலையம் நம்பாது. சான்று வெளிநாட்டில் செல்ல மாநில அரசின் ஒப்பமும், பின் வெளியுறவுத் துறையின் முத்திரையும் வேண்டும். அமீரகம் போன்ற நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

பெயரில் கவனம் வையுங்கள். 1929 செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்த இயக்கம் நம்முடையது. அதனால் நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பெருமையான மரபு. ஆனால் ஒரு தாளில் முதலெழுத்து, மறு தாளில் முழுப்பெயர், இன்னொன்றில் எழுத்துப் பிழை என்று இருந்தால், வெளிநாட்டு அதிகாரி மூன்று பேர் என்று எண்ணிக்கொள்வான். கடவுச்சீட்டு, ஆதார், திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று நான்கிலும் ஒரே எழுத்தில் ஒரே பெயர் இருக்கட்டும்.

"பெர்மிட்காரருக்கும் குடும்ப விசா வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகனை வாசலோடு அனுப்புங்கள். சுற்றுலா விசாவில் போய்க் கெடு தாண்டித் தங்கு என்று யோசனை சொல்பவன், சிறைக்கும் தண்டத்துக்கும் நாடு கடத்தலுக்கும் வழி சொல்பவன்.

என்ன கேட்கிறோம்?

கிளைக்குக் கிளை தீர்மானமாக வரவேண்டியவை நான்கு.

ஒன்று: புலம்பெயர் தொழிலாளர் உரிமை ஒப்பந்தத்தை இந்திய அரசு ஏற்று உறுதி செய்யட்டும். நாம் ஒப்பமிட்ட பிறகுதான் பிறரைக் கேட்கும் தகுதி வரும்.

இரண்டு: வெளிநாடுகளோடு செய்யும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் உடலுழைப்புத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் ஒரு பிரிவு வேண்டும். உடனே குடியேற்றம் என்றுகூடக் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊதியத்தோடு விடுப்பு. இத்தனை ஆண்டு நற்பணி செய்தவனின் மனைவி சில திங்கள் வந்து தங்க அனுமதி. இதிலிருந்து தொடங்கட்டும்.

மூன்று: 2011-ல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றி உருவாக்கிய அயலகத் தமிழர் நல வாரியத்தின் கை, புதுக்கோட்டையின் வட்டத் தலைநகர்தோறும் நீளவேண்டும். எந்த அட்டைக்கு எந்த உரிமை, எந்தச் சான்றுக்கு எந்த முத்திரை என்று காசில்லாமல் சொல்ல ஓர் ஆள், ஒரு மேசை வேண்டும்.

நான்கு: எல்லாவற்றுக்கும் வேரான கோரிக்கை. கடைமடைக்குத் தண்ணீர், கடலோரத்துக்குத் தொழில், படித்தவனுக்கு வட்டத்திலேயே வேலை. போக விரும்புபவன் போகட்டும். போகாவிட்டால் உலை கொதிக்காது என்ற நிலை ஒழியட்டும்.

முடிப்பதற்கு முன் அந்தத் தங்கையிடம் திரும்புவோம். நாம் உண்மையைச் சொன்னதும் அவர் அழவில்லை. "அப்ப அவுக எஸ் பாஸு வாங்கிட்டா?" என்று கேட்டார். 6,000 வெள்ளிக் கணக்கைச் சொன்னோம். சற்று நேரம் விரலை மடக்கி எண்ணினார். "அதுக்குள்ள எம்புள்ள பள்ளிக்கூடம் முடிச்சிரும்ணே" என்றார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தோழர்களே! அந்தப் பையில் இருப்பது முத்திரை பதித்த, பதிவு பெற்ற, சட்டம் ஏற்ற ஒரு வாழ்க்கை. அதைச் செல்லாக்காசு என்று சொல்லும் அதிகாரம் எந்தச் சம்பளச் சீட்டுக்கும் கிடையாது என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள். ஒரு மேடையில் சொன்னால் பேச்சு. ஊர்தோறும் சொன்னால் கோரிக்கை. ஒப்பந்தம் எழுதும் நாளில் தில்லியின் மேசைமேல் வைத்துச் சொன்னால் உரிமை!